ஆர் மொழியில் குழு பிரித்துச் சுருக்குதல்: வாசகர் கேள்வி – பதில்

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியில் அட்டவணைத் தரவைக் குழுக்களாகப் பிரித்து எண்ணிக்கை, சராசரி, விழுக்காடு எடுப்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பதில்களில் வரும் எண்களை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எம்டிகார்ஸ், ஏர்குவாலிட்டி, யுசிபிஅட்மிஷன்ஸ் ஆகிய மூன்று அட்டவணைகளும் ஆர் நிறுவும்போதே கூட வந்துவிடும். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடுங்கள்.

கேள்வி: குழுவாரிச் சராசரிக்கு டாப்ளை, அக்ரிகேட், டீப்ளையர், டேட்டா.டேபிள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புதிதாகக் கற்பவர் எதில் தொடங்குவது?

முதல் இரண்டும் ஆரிலேயே உள்ள ஃபங்ஷன்கள், மற்ற இரண்டும் தனியாக நிறுவ வேண்டிய தொகுப்புகள். நான்கும் செய்வது ஒரே வேலைதான்: அட்டவணையைப் பிரிப்பது, ஒவ்வொரு துண்டிலும் கணக்கிடுவது, விடைகளை மீண்டும் சேர்ப்பது. விடை எந்த வடிவில் வருகிறது, விடுபட்ட மதிப்புகளை என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

டாப்ளை பெயரிட்ட எண் வரிசையைத் தரும். இரண்டு நெடுவரிசைகளால் பிரித்தால் அணி வடிவில் வரும். ஒரு பார்வை பார்க்க அது போதும். அக்ரிகேட் டேட்டா ஃபிரேமாகவே, அதாவது வரிசையும் நெடுவரிசையும் கொண்ட அட்டவணையாகவே தரும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கீழே தனியாக விளக்கியிருக்கிறோம். அன்றாட வேலைக்கு 2014இல் வெளிவந்த டீப்ளையரையே பரிந்துரைக்கிறோம். எழுதியதை ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம்:

எம்டிகார்ஸ் |> குரூப்_பை(சில்) |> சம்மரைஸ்(சராசரி = மீன்(எம்பிஜி), எண்ணிக்கை = என்())

எம்டிகார்ஸ் 32 கார்களின் அட்டவணை. அதில் சில் என்பது சிலிண்டர் எண்ணிக்கை, எம்பிஜி என்பது கேலனுக்கு எத்தனை மைல் என்பது. விடை மூன்று வரிசைகள். 4 சிலிண்டர் கார்கள் 11, சராசரி கேலனுக்கு 26.7 மைல், 6 சிலிண்டர் 7 கார்கள், 19.7, 8 சிலிண்டர் 14 கார்கள், 15.1. நடுவில் உள்ள |> குறி ஒரு படியின் விடையை அடுத்த படிக்குத் தரும்; அது ஆர் 4.1.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய பதிப்பில் அதைப் போட்டால் தொடரியல் பிழை வரும்.

குரூப்_பை மட்டும் போட்டுவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்பவர்கள் பலர். மாறாது. அது அட்டவணையின் மேல் ஒரு குறிப்பை மட்டுமே ஒட்டுகிறது. வரிசைகள் அப்படியே 32 இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்து நடந்துகொள்வது அடுத்து வரும் சம்மரைஸ், மியூட்டேட், ஃபில்டர் போன்றவை.

சராசரிக்குப் பக்கத்திலேயே என்() போட்டிருப்பதையும் கவனியுங்கள். எண்ணிக்கை இல்லாத குழுவாரிச் சராசரியை நாங்கள் அச்சிடவே மாட்டோம். ஏன் என்பது இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கான பதிலில் தெரியும்.

கேள்வி: இரண்டு நெடுவரிசைகளால் பிரித்து எண்ணிக்கை எடுத்தேன். பிறகு மொத்தத்தில் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டால், எல்லாம் கூட்டி 100 வருவதற்குப் பதில் 300 வருகிறது. ஏதோ "குரூப்டு அவுட்புட்" என்று ஒரு செய்தியும் வருகிறது.

அந்தச் செய்தியில்தான் விடை இருக்கிறது. அதைப் பிழைச் செய்தி என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம், சும்மா வருகிறது என்று கடந்துபோகவும் வேண்டாம்.

இரண்டு நெடுவரிசைகளால் பிரித்துச் சம்மரைஸ் செய்தால், டீப்ளையர் கடைசிக் குழுவை மட்டும் அவிழ்க்கும். முதல் குழு ஒட்டிக்கொண்டே இருக்கும். எம்டிகார்ஸை சில், கியர் இரண்டாலும் பிரித்து எண்ணுங்கள். 4 சிலிண்டரில் 3 கியர் 1 கார், 4 கியர் 8, 5 கியர் 2. இதன்மேல் மியூட்டேட்(பங்கு = எண்ணிக்கை / சம்(எண்ணிக்கை)) என்று போட்டால், அந்த சம் 32 ஆக இருக்காது. சில் குழு இன்னும் அவிழவில்லை என்பதால் 4 சிலிண்டர் கார்களின் கூட்டுத்தொகையான 11தான் அங்கே வகுக்கும் எண். 8 கார்களின் பங்கு 72.7 விழுக்காடு என்று வரும்; நீங்கள் எதிர்பார்த்ததோ 32இல் 8, அதாவது 25 விழுக்காடு. சிலிண்டர் வகை மூன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் 100. அதனால்தான் 300.

தீர்வு மூன்று வகை. சம்மரைஸுக்குள் .குரூப்ஸ் = "டிராப்" என்று சேர்க்கலாம். அல்லது அடுத்த படியாக அன்குரூப்() போடலாம். டீப்ளையர் 1.1.0 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் குரூப்_பை இல்லாமலே, சம்மரைஸுக்குள் .பை = சி(சில், கியர்) என்று எழுதலாம். மூன்றாவது வழியில் குழு அந்த ஒரு படிக்கு மட்டுமே. பின்னால் ஒட்டிக்கொண்டு வராது. புதிதாக எழுதும் நிரல்களில் இதையே பழகிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: குரூப்_பை விடையை அகர வரிசையிலோ எண் வரிசையிலோ அடுக்கித் தரும்; .பை தரவில் எது முதலில் வந்ததோ அதையே முதலில் வைக்கும். அடுக்கு முக்கியம் என்றால் அரேஞ்ச் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டர் வகைக்குள்ளும் என்ன பங்கு என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் 72.7தான் சரியான விடை. எதை 100 என்று வைத்துக்கொள்கிறோம் என்பதை நிரல் எழுதுமுன்பே தாளில் எழுதிவையுங்கள்.

கேள்வி: ஏர்குவாலிட்டி அட்டவணையில் மாதவாரி ஓசோன் சராசரி எடுத்தால் எல்லா மாதமும் என்.ஏ. (மதிப்பு இல்லை) என்கிறது. அக்ரிகேட் போட்டால் எண் வருகிறது. ஆனால் நண்பருக்கு டீப்ளையரில் வந்த எண்ணும் எனக்கு வந்ததும் மே மாதத்துக்கு ஒத்துப்போகவில்லை. யாருடையது சரி?

இந்த வகைக் கேள்விகளில் மிகவும் பயனுள்ளது இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

ஏர்குவாலிட்டி 1973ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் எடுத்த அன்றாட அளவீடுகள். 153 நாள், 153 வரிசை. அவற்றில் 37 நாட்களுக்கு ஓசோன் மதிப்பு இல்லை. ஒரு குழுவில் ஒரே ஒரு என்.ஏ. இருந்தாலும் மீன் என்.ஏ. என்றே சொல்லும். எல்லா மாதத்திலும் விடுபட்ட நாள் உண்டு என்பதால் ஐந்துமே என்.ஏ. ஆயின. மீன்(ஓசோன், என்ஏ.ஆர்எம் = ட்ரூ) என்று எழுதினால் மே 23.6, ஜூன் 29.4, ஜூலை 59.1, ஆகஸ்ட் 60.0, செப்டம்பர் 31.4 என்று வரும்.

அக்ரிகேட்டில் நீங்கள் ஓசோனையும் சூரியக் கதிர்வீச்சையும் ஒரே சூத்திரத்தில் எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம்:

அக்ரிகேட்(சிபைண்ட்(ஓசோன், சோலார்.ஆர்) ~ மந்த், டேட்டா = ஏர்குவாலிட்டி, மீன்)

அப்படிச் செய்தால் மே மாதத்துக்கு 24.1 வரும். காரணம்: சூத்திர வடிவில் அக்ரிகேட், சூத்திரத்தில் உள்ள எந்த நெடுவரிசையில் என்.ஏ. இருந்தாலும் அந்த வரிசையையே முழுதாக நீக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கும். ஓசோன் உள்ள நாட்கள் 116. ஓசோன், கதிர்வீச்சு இரண்டும் உள்ள நாட்கள் 111. மே மாதத்தில் ஓசோன் 28, 7 என்று பதிவான இரண்டு நாட்களில் கதிர்வீச்சு பதிவாகவில்லை. அதனால் அந்த இரு ஓசோன் மதிப்புகளும் சேர்ந்து வெளியே போய்விட்டன. 26 நாள் சராசரி 24 நாள் சராசரியாகிவிட்டது. எச்சரிக்கை எதுவும் வராது.

ஓசோன் சராசரி மட்டும்தான் தேவை என்றால் 23.6 சரி. ஓசோனையும் கதிர்வீச்சையும் அதே நாட்களில் ஒப்பிட வேண்டும் என்றால் 24.1 சரி. அக்ரிகேட்டிலேயே முதல் விடையைப் பெற, என்ஏ.ஆக்ஷன் = என்ஏ.பாஸ் என்று கொடுத்து, கூடவே என்ஏ.ஆர்எம் = ட்ரூ சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் நடக்காது.

இனி ஜூன் மாதத்தைப் பாருங்கள். 29.4 என்று ஒரு அழகான எண் வந்துவிட்டது. ஆனால் ஜூனின் 30 நாட்களில் 21 நாட்களுக்கு ஓசோன் இல்லை. வெறும் 9 நாட்களை வைத்து வந்த சராசரி அது. என்() இங்கே உதவாது. அது வரிசைகளை எண்ணும், 30 என்றே சொல்லும். இருக்கும் மதிப்புகளை எண்ண, சம்(!இஸ்.என்ஏ(ஓசோன்)) என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ஏ.ஆர்எம் = ட்ரூ போடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு குழு முழுவதுமே என்.ஏ. என்றால் மீன் 'என்.ஏ.என்.' (எண் அல்ல) தரும், மேக்ஸ் எச்சரிக்கையுடன் எதிர்ம முடிவிலி தரும். இவை கண்ணில் படும். ஆனால் சம் 0 தரும். மழையளவே பதியாத மாதத்துக்கு "மழை 0" என்று அறிக்கையில் ஏறிவிடும். கூட்டுத்தொகை எடுக்கும் இடங்களில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

விடுபட்ட மதிப்பு குழு நெடுவரிசையிலேயே இருந்தால்? டாப்ளை, டேபிள், ஸ்ப்ளிட், அக்ரிகேட் நான்கும் அந்த வரிசைகளைச் சொல்லாமல் கைவிடும். டீப்ளையரும் டேட்டா.டேபிளும் என்.ஏ. என்று ஒரு தனிக் குழுவாகவே காட்டும். டேபிளில் யூஸ்என்ஏ = "இஃப்எனி" கொடுத்தால் அதுவும் காட்டும். குழு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை என்ரோ தரும் மொத்த வரிசை எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று ஒரு வரியில் சோதித்துவிட்டு மேலே போங்கள்.

கேள்வி: சராசரி சரியாக வருகிறது, திட்டவிலக்கம் மட்டும் எல்லாக் குழுவுக்கும் என்.ஏ. தரவில் விடுபட்ட மதிப்பே இல்லை.

சம்மரைஸ்(எம்பிஜி = மீன்(எம்பிஜி), விலக்கம் = எஸ்டி(எம்பிஜி)) என்று எழுதியிருப்பீர்கள். டீப்ளையர் இடமிருந்து வலமாகக் கணக்கிடும். முதல் பகுதி முடிந்ததும் எம்பிஜி என்ற பெயர் அந்தக் குழுவின் ஒற்றைச் சராசரியைக் குறிக்கத் தொடங்கிவிடும். ஒற்றை எண்ணுக்குத் திட்டவிலக்கம் கிடையாது, ஆகவே என்.ஏ. புதிய நெடுவரிசைக்கு வேறு பெயர் வையுங்கள்: எம்பிஜி_சராசரி என்பதுபோல. எஸ்டிக்குப் பதில் மேக்ஸ் கேட்டிருந்தால் என்.ஏ. வந்திருக்காது, சராசரியே உச்ச மதிப்பாக வந்து நின்றிருக்கும். அதுதான் இன்னும் மோசம்.

சில குழுக்களுக்கு மட்டும் என்.ஏ. வந்தால் கதை வேறு. எம்டிகார்ஸில் 4 சிலிண்டர் 3 கியர், 6 சிலிண்டர் 5 கியர் இரண்டிலும் ஒரே ஒரு கார்தான். அங்கே என்.ஏ. என்பது நேர்மையான விடை.

கேள்வி: 8 சிலிண்டர், 4 கியர் கார்களே இல்லை என்பதால் அந்த வரிசை விடையில் வரவில்லை. 0 என்று காட்ட வேண்டும்.

3 சிலிண்டர் வகை, 3 கியர் வகை. 9 வரிசை வர வேண்டிய இடத்தில் 8தான் வரும். எண் நெடுவரிசையிலோ எழுத்து நெடுவரிசையிலோ எந்தெந்த மதிப்பு சாத்தியம் என்று ஆருக்குத் தெரியாது. சாத்தியமான மதிப்புகளின் பட்டியலைக் கூடவே வைத்திருக்கும் ஃபேக்டர் வகையாக மாற்றினால்தான் தெரியும். இரண்டையும் ஃபேக்டராக்கி, குரூப்_பை(சில், கியர், .டிராப் = ஃபால்ஸ்) என்று எழுதுங்கள். 9 வரிசையும் வரும், காலிக் குழுவுக்கு என்() 0 தரும். அதே காலிக் குழுவில் மீன் 'என்.ஏ.என்.' ஆகும், அதை 0 என்று மாற்றிவிடாதீர்கள். 0 கார் என்பது உண்மை, 0 மைல் என்பது பொய். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால், சுருக்கிய பிறகு டைடிஆர் தொகுப்பின் கம்ப்ளீட் ஃபங்ஷனில் ஃபில் = லிஸ்ட்(எண்ணிக்கை = 0) கொடுப்பது எளிது.

ஃபேக்டரைத் திரும்ப எண்ணாக்கும்போது நேரடியாக ஆஸ்.நியூமெரிக் போட்டால் 4, 6, 8 என்பவை 1, 2, 3 ஆகிவிடும். முதலில் ஆஸ்.கேரக்டர், பிறகுதான் ஆஸ்.நியூமெரிக்.

கேள்வி: ஒரே பெயர் விடையில் இரண்டு குழுவாக வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

பெயரின் முன்னோ பின்னோ ஒரு இடைவெளி ஒளிந்திருக்கும். என்சார் போட்டு எழுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருக்கும். சாதாரண இடைவெளி என்றால் ட்ரிம்டபிள்யூஎஸ் நீக்கிவிடும். இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய தரவில் வரும் பிரியா இடைவெளியை அது தன் இயல்பான அமைப்பில் தொடாது. ஸ்ட்ரிங்ஆர் தொகுப்பின் ஸ்டர்_ஸ்க்விஷ் அதையும் சரிசெய்யும். தசம எண்களால் குழு பிரித்தாலும் இதே தொல்லை வரும். 0.1 + 0.2 கூட்டி வந்த எண்ணும் நேரடியாக எழுதிய 0.3உம் டீப்ளையருக்கு இரு வேறு குழுக்கள். ரவுண்ட் போட்டுவிட்டுப் பிரியுங்கள்.

கேள்வி: குரூப்_பை போட்டும் மொத்தத்துக்கும் ஒரே வரிசைதான் விடையாக வருகிறது.

டீப்ளையருக்குப் பிறகு பிளையர் தொகுப்பை ஏற்றியிருக்கிறீர்கள். அதிலும் சம்மரைஸ் உண்டு. பின்னால் ஏற்றியது முன்னதை மறைக்கும், அதற்குக் குரூப்_பை பற்றித் தெரியாது. டீப்ளையர்::சம்மரைஸ் என்று முழுப்பெயரோடு அழையுங்கள், அல்லது பிளையரை முதலில் ஏற்றுங்கள்.

கேள்வி: மாதச் சராசரிகள் கையில் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் மொத்தச் சராசரி வந்துவிடுமா?

பொதுவாக வராது. மேலே சொன்ன ஓசோன் சராசரிகள் ஐந்தையும் அப்படிச் செய்தால் 40.7, 116 நாட்களையும் நேரடியாகச் சராசரி எடுத்தால் 42.1. ஒன்பதே நாள் கொண்ட ஜூனுக்கும் 29 நாள் கொண்ட செப்டம்பருக்கும் முதல் கணக்கில் சம எடை கிடைக்கிறது. மதிப்புள்ள நாட்களின் எண்ணிக்கையை எடையாகக் கொடுத்து வெயிட்டட்.மீன் போட்டால் 42.1 திரும்பக் கிடைக்கும்.

ஆனாலும் 40.7 தவறு என்று ஒதுக்கிவிட மாட்டோம். ஜூன் நாட்கள் அளவீட்டில் விடுபட்டனவே தவிர நாட்காட்டியில் விடுபடவில்லை. பருவம் முழுவதற்குமான சராசரி வேண்டும் என்றால் மாதங்களுக்கு ஏறக்குறைய சம எடை தருவதில் நியாயம் இருக்கிறது. எதைச் செய்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: யுசிபிஅட்மிஷன்ஸ் அட்டவணையில் ஆண்–பெண் வாரியாகச் சேர்க்கை விழுக்காடு எடுத்தால் ஒரு முடிவும், துறைவாரியாகப் பிரித்தால் நேர் எதிர் முடிவும் வருகின்றன. என் நிரலில் பிழையா?

பிழை இல்லை. இது 1973இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களில், மிகப் பெரிய ஆறு துறைகளுக்கு வந்த 4,526 பேரின் கணக்கு. முதலில் ஒரு நடைமுறை எச்சரிக்கை: இது டேட்டா ஃபிரேம் அல்ல, முப்பரிமாண அட்டவணை. ஆஸ்.டேட்டா.ஃபிரேம் போட்டால் 24 வரிசை வரும். ஆட்களின் எண்ணிக்கை ஃப்ரெக் என்ற நெடுவரிசையில் இருக்கும். இங்கே என்() போட்டால் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 12 என்று வரும். அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, வரிசைகளின் எண்ணிக்கை. சம்(ஃப்ரெக்) எடுக்க வேண்டும், அல்லது கவுன்ட்டில் டபிள்யூடி = ஃப்ரெக் என்று தர வேண்டும்.

அப்படி எடுத்தால்: ஆண்கள் 2,691 பேரில் 1,198 பேர் சேர்க்கப்பட்டனர், 44.5 விழுக்காடு. பெண்கள் 1,835 பேரில் 557, அதாவது 30.4 விழுக்காடு. துறைவாரியாகப் பிரித்தால் ஏ, பி, டி, எஃப் நான்கிலும் பெண்களின் விழுக்காடு கூடுதல். ஏ துறையில் ஆண்கள் 825இல் 512, அதாவது 62.1 விழுக்காடு, பெண்கள் 108இல் 89, அதாவது 82.4 விழுக்காடு. சி, இ இரண்டில் மட்டும் ஆண்கள் சற்று மேலே.

காரணத்தை எண்ணிக்கை நெடுவரிசை காட்டிக்கொடுக்கிறது. ஏ, பி இரண்டும் விண்ணப்பித்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்துக்கொண்ட துறைகள். ஆண்களில் 1,385 பேர், பாதிக்கும் மேல், அந்த இரண்டுக்கும் விண்ணப்பித்தார்கள். பெண்களில் 133 பேர்தான். மற்ற 1,702 பெண்களும் சேர்க்கை கடினமான நான்கு துறைகளுக்குப் போனார்கள். அவற்றில் எஃப் துறை 714 பேரில் 46 பேரை மட்டுமே எடுத்தது. விழுக்காட்டை மட்டும் அச்சிட்டிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. எந்தப் பிரிவினை சரி என்று ஆர் சொல்லாது. சேர்க்கையை முடிவுசெய்தது துறை என்பதால், துறைகள் பாகுபாடு காட்டினவா என்ற கேள்விக்குத் துறைவாரிப் பிரிவினையையே நாங்கள் எடுத்துக்கொள்வோம். பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்கு அதிகம் விண்ணப்பித்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கான நெடுவரிசை இந்த அட்டவணையில் இல்லை.

கேள்வி: குழுவாரியாகக் கால்மானங்களை எடுக்கச் சம்மரைஸுக்குள் குவான்டைல் போட்டால் எச்சரிக்கை வருகிறது.

சம்மரைஸ் குழுவுக்கு ஒரு வரிசை தருவதற்கானது. குவான்டைல் ஐந்து எண் தருகிறது. டீப்ளையர் 1.1.0 முதல் இதற்கென்றே ரீஃப்ரேம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, எந்த எண் எந்தக் கால்மானம் என்று சொல்லும் நெடுவரிசையையும் கூடவே உருவாக்குங்கள்.

கேள்வி: கோடிக்கணக்கான வரிசைகள். டீப்ளையர் திணறுகிறது.

டேட்டா.டேபிளுக்கு மாறுங்கள். கோப்பை எஃப்ரீட் கொண்டு படித்து, டிடி[, .(சராசரி = மீன்(எம்பிஜி), எண்ணிக்கை = .என்), கீபை = சில்] என்பதுபோல எழுதுங்கள். இங்கே டிடி என்பது உங்கள் அட்டவணையின் பெயர். கீபை போட்டால் விடை குழு வாரியாக அடுக்கப்பட்டு வரும். வெறும் பை போட்டால் தரவில் முதலில் தோன்றிய வரிசையில் வரும். வேகம் வேண்டுமானால் மீன், சம், மீடியன் போன்றவற்றை நேரடியாக அழையுங்கள். அவற்றுக்கு உள்ளே தனி வேகவழி உண்டு; நீங்களே எழுதிய ஃபங்ஷனுக்குள் மீனைப் பொதிந்துவிட்டால் அந்த வழி அடைபட்டு, குழுவுக்குக் குழு தனித்தனியாக ஓடும். குழுக்கள் லட்சக்கணக்கில் இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நெடுவரிசையைச் சேர்க்கவோ மாற்றவோ உதவும் := குறியைப் பயன்படுத்தும்போது மூல அட்டவணையே மாறும் என்பதை மறக்க வேண்டாம். டிடி2 <- டிடி என்று எழுதினால் அது நகல் ஆகாது. காப்பி(டிடி) என்று எழுதினால்தான் தனி நகல் கிடைக்கும்.